அக்கா வீட்டு உளுந்து

இட்லிக்கு நனைக்கலாமென்று உளுந்து டப்பாவைத் திறந்ததும், மூடியின் உட்புறத்திலிருந்து பழுப்பாக ஒரு வண்டு பொத்தென்று கையில் விழுகிறது. கிளறிப் பார்த்தால் பாதி உளுந்தில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை. "கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே முறத்தில் கொட்டி வெயிலில் வைக்கிறோம். இது நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதானே? நமக்குப் போவது ஒரு கிலோ. மூட்டையாக வைத்திருக்கிறவர்களுக்கு? அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதப் போகிறேன். சமையல் குறிப்பை எதிர்பார்த்த சகோதரிகள் மன்னிக்கவும். நடுவில் ஒன்றிரண்டு குறிப்பும் வரும்.

என் அக்காவைத் திருவாரூர் பக்கம் கொடுத்திருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலம். சம்பா அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்னாடியே, நெல் நிற்கும்போதே, வயலின் ஈரத்தை நம்பி உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அறுப்பு முடிந்து தாளுக்கு நடுவில் உளுந்து தலைகாட்டும். பனியைக் குடித்தே வளர்ந்து எழுபது, எழுபத்தைந்து நாளில் காய்த்துவிடும். டெல்டா முழுக்க இதுதான் பழக்கம். நெல்லில் வருகிற பணம் உரக்கடைக்கும் கூலிக்கும் போய்விடும். உளுந்துப் பணம்தான் பெண்பிள்ளைகள் கையில் கொஞ்சம் தங்குகிற பணம். காதில் தோடு, பிள்ளைகள் படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான்.

2019-ல் அக்காவுக்கு ஆறு மூட்டை வந்தது. ஐம்பது கிலோ மூட்டை. களத்துக்கே வியாபாரி வந்துவிட்டார். அறுப்பு நேரத்தில் ஊர் முழுக்க உளுந்து, அப்போது விலை எங்கே நிற்கும்? கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார். அக்கா மூன்று மூட்டையைக் கொடுத்துவிட்டு மூன்றை நிறுத்திக்கொண்டாள். பெரியவளை நர்சிங் டிப்ளமாவில் சேர்க்க வேண்டும், ஆடி, ஆவணியில் விலை ஏறும், அப்போது விற்றுப் பணம் கட்டலாம் என்று கணக்கு. நியாயமான கணக்குத்தானே?

வைகாசி கடைசியில் மூட்டைக்குப் பக்கத்தில் காது வைத்தால் சரசரவென்று சத்தமாம். அவிழ்த்துப் பார்த்தால் மாவும் வண்டுமாக இருந்திருக்கிறது. அத்தான் பதறிப்போய், யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடையில் மாத்திரை வாங்கி வந்து மூன்று மூட்டைக்குள்ளும் போட்டு, பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். கடைக்காரர் எச்சரித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் அக்காவின் மாமியார் படுப்பது.

நடு ராத்திரி அத்தைக்குத் தலைவலி, குமட்டல், இரண்டு மூன்று தடவை வாந்தி. "என்னமோ பூண்டு அழுகின மாதிரி நாத்தம் அடிக்குதுடி" என்று அவரே எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார். வந்ததால் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் அத்தானைப் பார்த்துக் கத்தினாராம்: "மூட்டைக்கா மருந்து வெச்சீங்க, வீட்டுக்கே வெச்சிருக்கீங்கய்யா!"

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த மாத்திரையின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்கிற விஷவாயு கிளம்பும். பூண்டு அல்லது அழுகின மீன் போல நாற்றம் வரும். சிலருக்கு அந்த நாற்றமும் தெரியாது. காற்றைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் தரையோடு பரவி, கதவிடுக்கு, சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். தரையில் பாய் போட்டுப் படுக்கிற குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. இதற்கு மாற்று மருந்து கிடையாது. அரசு விதிப்படி பயிற்சி பெற்ற நிபுணர்களின் மேற்பார்வையில் மட்டுமே உபயோகிக்க வேண்டியது. எத்தனையோ வீடுகளில் அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் துணியில் முடிந்து போடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ, ஊரில் மாமியார் வீட்டிலோ இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பேசுங்கள். மூட்டையில் ஏற்கெனவே போட்டிருந்தால் நீங்களே உள்ளே போய் எடுக்க வேண்டாம். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

அந்த மூன்று மூட்டையும் கடைசியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? உளுத்துப்போன உளுந்தை யார் வாங்குவார்கள்? மாட்டுத் தீவன விலைகூடத் தேறவில்லை. பெரியவளுக்குப் பணம் கட்ட அக்காவின் தோடு அடகுக்குப் போனது.

இந்த வண்டு எங்கிருந்து வருகிறது என்பதை நான் ரொம்ப நாள் தப்பாகவே நினைத்திருந்தேன். சாக்கிலிருந்தும், கடையிலிருந்தும் வருவதாக நினைப்பு. வருவதும் உண்டுதான். ஆனால் ஆரம்பம் வயலிலேயே. காய் முற்றிக் காய்கிறபோதே தாய்வண்டு வந்து அதன்மேல் முட்டையிட்டுவிடும். பிறகு வீட்டில் மூட்டைக்குள் பயறின்மேலேயே முட்டை ஒட்டும். உளுந்திலோ பாசிப்பயறிலோ வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, நாம் தூசி என்று நினைப்போமே, அதுதான் முட்டை. புழு பொரிந்து நேரே பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டமாக வாசல் வெட்டிக்கொண்டு வெளியே வரும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்தில். ஒரு வண்டு நூறு முட்டை வரைக்கும் இடும். மூன்று மாதம் விட்டால் என்ன கணக்காகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், நம் கண்ணில் படுகிற அந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. தின்பதெல்லாம் கண்ணில் படாத புழு. ஓட்டையைப் பார்க்கிறபோது காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் கொரோனா வந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அக்கா களத்திலேயே ஆறு மூட்டையையும் கொடுத்துவிடுவாள். "வண்டுக்குக் குடுக்கறதுக்கு வியாபாரிக்குக் குடுத்துட்டுப் போறேன்" என்பாள். பத்து ரூபாய் குறைத்துக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். சின்ன விவசாயியின் கஷ்டத்துக்கு மழை, வெயில் என்று ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். விளைந்ததை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க முடியாததும் அதில் ஒன்று என்பதை அக்கா வீட்டில்தான் நான் பார்த்தேன். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 86 பண்ணைகள் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவை. அதில் பெரும்பாலானது இரண்டரை ஏக்கருக்கும் கீழே.

2022-ல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலிருந்து பயிற்சிக்கு ஆள் கேட்டு வந்தார்கள். வழக்கம்போல ஆண்கள் பெயராக எழுதிக்கொண்டு போனார்கள். பட்டா அவர்கள் பெயரில்தானே இருக்கிறது? உளுந்து பிடுங்குவது, அடிப்பது, தூற்றுவது, காயவைப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் பெண்கள். "விவசாயி" என்று காகிதத்தில் எழுதுகிறபோது மட்டும் ஆண். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. நல்ல வேளை, பயிற்சி கொடுக்க வந்த ஆபீசர் ஒரு பெண். முதல் நாள் வந்து ஆண்களைப் பார்த்துவிட்டு, "மூட்டை கட்டறது யாரு?" என்று கேட்டாராம். "வீட்டுப் பொம்பளைங்க." "அப்ப அவங்களை வரச் சொல்லுங்க." அக்காவோடு சேர்த்து இருபது பேர் போனார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு நம் தமிழ்நாட்டில் "தான்வா" என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். சிறு, குறு விவசாய வீட்டுப் பெண்களுக்கு அவரவர் கிராமத்திலேயே ஐந்து நாள் பயிற்சி. ஒருத்தி கற்றுக்கொண்டால் இன்னும் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மாவும் போனாள். வந்த அன்றைக்கே வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கி, கோழிமுட்டையை மிதக்கவிட்டாள். முட்டையின் உச்சி ஒரு காசு அளவுக்கு மேலே தெரிகிறவரைக்கும் உப்புப் போட வேண்டும். அதில் விதைநெல்லைக் கொட்டினால் சொத்தை மிதக்கும், கனமானது அடியில் தங்கும். தங்கினதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்க வேண்டியது. அப்பா, "உப்பு, முட்டை, அடுத்து மிளகு போட்டுக் குழம்பு வெச்சுடு" என்று கேலி செய்தார். நாற்றங்காலைப் பார்த்த பிறகு கேலி நின்றது. தெருவில் எத்தனை வீட்டுக்கு அம்மா முட்டையும் கையுமாகப் போயிருக்கிறாள் தெரியுமோ?

அக்காவின் பயிற்சிக்கு வருகிறேன். அந்த ஆபீசர் அம்மா பாடமெல்லாம் நடத்தவில்லையாம். இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரச் சொன்னார். இரண்டிலும் அதே மூட்டையிலிருந்து எடுத்த, வண்டு வைத்த உளுந்து. ஒன்றைக் கழுத்து வரை திணித்துத் திணித்து நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றினார். இன்னொன்றில் பாதி நிரப்பி, வாயில் துணி கட்டினார். இரண்டையும் அக்காவிடமே கொடுத்து, "நாப்பது நாள் கழிச்சு வரேன், யாரும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பதாவது நாள் இருபது பேரும் அக்கா வீட்டுத் திண்ணையில். துணி கட்டின பாட்டிலைத் தட்டினால் கொட்டியது மாவு. இறுக்கி மூடினதைத் திறந்து கொட்டினால், வைத்த அன்றைக்கு இருந்த ஓட்டையோடு சரி. செத்த வண்டு பத்துப் பன்னிரண்டு. அவ்வளவுதான். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றை வண்டும் புழுவும் மூச்சுவிட்டே தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு குறையக் குறையத் தின்பது நிற்கும், பிறகு வறண்டு செத்துவிடும். அதனால்தான் பாத்திரம் நிரம்பியிருக்க வேண்டும். பாதி டிரம்மில் வைத்தால் மீதிக் காற்று அதுகளுக்கு விருந்து.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஆப்பிரிக்காவில். 1980-களின் கடைசியில் கேமரூன் நாட்டில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் தட்டைப்பயறுக்காக மூன்று பை முறையைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இரண்டு கனத்த பிளாஸ்டிக் பை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்கி, மடித்து, கட்ட வேண்டும். 2007-க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகப் பரப்பினார்கள். பரப்பின விதம்தான் எனக்குப் பிடித்தது. ஊருக்கு நடுவில் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சில மாதம் கழித்து எல்லாரையும் கூட்டிப் "பை திறக்கும் விழா" நடத்துவார்களாம். அக்கா வீட்டுத் திண்ணையில் நடந்ததும் அதுதானே?

ஒரு எச்சரிக்கை. ஈரத்தோடு இறுக்கி மூடினால் வண்டு போய்ப் பூஞ்சை வரும். அது வண்டைவிட மோசம், உடம்புக்கு விஷம். உளுந்தைக் கடித்தால் பல்லுக்கு "கடக்" என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. அந்த ஆபீசர் அம்மா இன்னொன்றும் காட்டினாராம். நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் உளுந்தும், ஒரு பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கிக் கால் மணி நேரம் வைப்பது. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் நிச்சயம் ஈரம். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டிவிடுவது நல்லது என்பாள் அக்கா. தார் ரோட்டில் காயவைக்கிற பழக்கத்தையும் விட்டார்கள். கல்லும் மண்ணும் சேர்ந்தால் விற்பனைக் கூடத்தில் கழித்துவிடுகிறார்களே! இருபது பேரும் காசு போட்டு நாலு தார்ப்பாய் வாங்கினார்கள். முறை வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். சண்டையும் வரும். அதைப் பற்றி எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வாள்.

நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பொறி கண்டுபிடித்திருக்கிறது. உடம்பெல்லாம் பொடி ஓட்டை போட்ட குழாய், அடியில் ஒரு கிண்ணம். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி அலைகிற வண்டு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து கீழே விழுந்துவிடும், ஏறிவர முடியாது. பயறு வண்டு மேலாகத் திரிகிற ஜாதி என்பதால், மேல் பக்கமும் பிடிக்கிற மாதிரி பயறுக்கென்றே ஒரு "டூ இன் ஒன்" பொறியும் உண்டு. எல்லா வண்டையும் பிடித்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். முதல் வண்டு விழுந்ததுமே நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுதான் லாபம்.

நம் பாட்டிமார் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. துவரைக்குச் செம்மண் கட்டினார்கள், பயறில் சாம்பல் கலந்தார்கள், வேப்பிலை, வசம்பு போட்டார்கள். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சமையல் எண்ணெய் தடவிப் பிசறி வைத்தால் முட்டை பொரியாது. உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது, முழுப் பயறில்தான் தொல்லை. பட்டணத்துச் சகோதரிகள் கடையிலிருந்து வந்த முழு உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலைப் பொட்டலத்தை அப்படியே ஃப்ரீஸரில் நாலைந்து நாள் வைத்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் துடைத்து டப்பாவில் கொட்டுங்கள். உள்ளே ஒளிந்திருக்கிற முட்டை, புழு எல்லாம் செத்துவிடும்.

விதையைக் காப்பாற்றியாகிவிட்டது, விலை? அது தனி ஆளால் நடக்கிற காரியமில்லை. தமிழ்நாட்டில் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. இருபது சிறு விவசாயிகள் ஒரு குழு, அப்படி ஐந்து குழு சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, கருவிகள் வாங்க 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி. அக்கா தெருவில் அத்தான்மார்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், கூட்டத்துக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். பெண்கள் உளுந்தைக் கையில் எடுத்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. எல்லார் மூட்டையையும் ஒரே இடத்தில் சல்லடையில் சலித்து, தரம் பிரித்து, ஒரே தராசில் நிறுத்து, ஒரே வண்டியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு. ஒருத்தி செல்போனில் நாலு ஊர் விலையைக் கேட்டு வைத்துக்கொள்வாள். ஆறு மூட்டைக்காரியிடம் பேசுகிற வியாபாரியின் தொனியும், நூற்றிருபது மூட்டையிடம் பேசுகிற தொனியும் ஒன்றா? 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அந்த விலைக்குக் கொடுக்க ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். கடித்துப் பார்க்கிற பாடம் அங்கேயும் உதவுகிறது.

எல்லாம் ஜெயமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் காத்திருந்தும் விலை ஏறவில்லை. பர்மாவிலிருந்து உளுந்து கப்பலில் வந்து இறங்கினால் நம் ஊர் விலை படுத்துவிடும், அதை எந்தப் பையும் தடுக்காது. எலி ஒரு பையைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஒருத்தி களத்திலேயே விற்றுவிட்டாள். பசியையும் வியாதியையும் வைத்துக்கொண்டு யாரால் ஆவணி வரை காத்திருக்க முடியும்? அப்புறம்தான் குழுச் சேமிப்பிலிருந்து அவசரத்துக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். முதலில் அதைச் செய்திருக்க வேண்டும்.

அக்காவின் தோடு திரும்பிவிட்டது. பெரியவள் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். அத்தைக்கு எண்பது வயதாகிறது, இன்றைக்கும் பின்கட்டு அறையில் படுக்க மாட்டார்.

போன தை மாதம் அக்கா போன் செய்தாள். பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு இவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். "மைக்கெல்லாம் வெப்பாங்களாம்டி, எனக்குக் கையி நடுங்குது. நீதான் புஸ்தகத்துல எழுதறவளாச்சே, நாலு வரி எழுதிக் குடேன்" என்றாள். நானும் ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கூட்டம் முடிந்து சாயங்காலம் கேட்டேன், எப்படிப் பேசினாய் என்று.

"காயிதத்தை எடுக்கவே இல்லடி. பையிலேருந்து ரெண்டு பாட்டிலையும் எடுத்து மேஜை மேல வெச்சேன். அவங்களே எழுந்து வந்து கொட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க."